மறைமலை நகரில் பழைய வீடு வாங்குவது எப்படி: ஊர் வரலாறு முதல் பட்டா வரை

மறைமலை நகரில் விற்பனைக்கு வரும் பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள், மொட்டை மாடிக்கு ஏறி இறங்குவார்கள். வீடு பிடித்துப்போய் விலையும் பேசி முடித்த பிறகுதான் பத்திரம் கேட்பார்கள். நான் சொல்லும் வரிசை அப்படியே தலைகீழ். முதலில் ஊரின் கதை, அடுத்து காகிதம், அதற்கப்புறம்தான் சுவர். திட்டமிட்டுக் கட்டிய ஊரில் ஒவ்வொரு மனையின் ஆவணமும் அந்த ஊர் உருவான கதையின் ஒரு துண்டு. கதை தெரியாமல் பத்திரத்தைப் படித்தால் பாதி வரிகள் புரியாது, புரியாத வரியில்தான் சிக்கல் இருக்கும்.

படி 1: ஊர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையின் நெரிசலைக் குறைக்க 1970-களில் போட்ட திட்டங்களில் துணை நகரங்களும் இருந்தன. வடக்கே மணலி புதுநகர், தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை (சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலை) ஒட்டி மறைமலை நகர். அப்போது எம்.எம்.டி.ஏ. என்று அழைக்கப்பட்ட, இன்று சி.எம்.டி.ஏ. ஆகிவிட்ட பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1980 வாக்கில் இந்த ஊரை உருவாக்கத் தொடங்கியது. வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கி மறைமலை என்று வைத்துக்கொண்டு, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு மறைமலை நகர் காமராஜர் என்று பெயர்.

ஆனால் வெற்று நிலத்தில் முளைத்த ஊர் இல்லை இது. நின்னக்கரை, பேரமனூர் போன்ற கிராமங்களின் நிலத்தின் மேல்தான் நகர் எழுந்தது. பக்கத்திலேயே திருக்கச்சூர். பசியோடு களைத்துக் கிடந்த சுந்தரருக்காகச் சிவபெருமானே வீடு வீடாகப் போய் இரந்து சோறு கொண்டுவந்து கொடுத்தார் என்று சொல்லப்படும் பாடல் பெற்ற தலம். சற்றுத் தெற்கே சிங்கப்பெருமாள் கோவிலில் பாறையைக் குடைந்த நரசிம்மர் கோயில். நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்து, ஏரி வெட்டி, நெல் விளைத்த மண். உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ஊர் பெயருக்கு முன்னால் கிராமத்தின் பெயர் வருவது இதனால்தான். நகரின் பெயர் தபாலுக்கு. வருவாய்த் துறைக்கு இன்றும் கிராமப் பெயரும் சர்வே எண்ணும்தான் கணக்கு.

இன்னொரு சின்ன விஷயம். இங்கே முகவரிகளில் என்.எச்.1, என்.எச்.2, என்.எச்.3 என்று வரும். புதிதாக வருபவர்கள் நெடுஞ்சாலை எண் என்று நினைத்து ஜி.எஸ்.டி. சாலையில் தேடுவார்கள். இங்கே என்.எச். என்பது நெய்பர்ஹுட், அதாவது குடியிருப்புப் பகுதி. அமெரிக்கத் திட்டமிடுநர் கிளாரன்ஸ் பெரி 1929-இல் எழுதி வைத்த யோசனை அது: நடுவில் பள்ளிக்கூடம், பெரிய சாலைகள் ஓரத்தில் மட்டும், கடைகள் விளிம்பில், பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்காமலே பள்ளிக்கு நடந்து போய்விட வேண்டும். எந்த என்.எச்.சில் வீடு, அது எந்தப் பள்ளிக்கும் பூங்காவுக்கும் பக்கம் என்று பார்த்தாலே அந்த மனையை வரைந்தவரின் எண்ணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

படி 2: பத்திரத்துக்கு முன் ஒருமுறை நடந்து பாருங்கள்

ஒரு முறை காலையில் ஏழு மணிக்கும், இன்னொரு முறை மழை பெய்த மறுநாளும் போங்கள். இரண்டாவது நடைதான் முக்கியம். செங்கல்பட்டு வட்டாரமே ஏரிகளால் ஆனது. ஒரு ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, அடுத்த ஏரிக்குப் போகும். இடையில் வீடு கட்டிவிட்டாலும் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் புறநகரில் பலர் பட்ட பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பழைய ஆட்களிடம் ‘அந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது’ என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். எந்தச் சான்றிதழிலும் இந்த அளவு இருக்காது.

அடுத்து, வீட்டுத் தரை சாலைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது வருடத்தில் சாலையைப் பலமுறை மேல்போட்டு மேல்போட்டு உயர்த்தியிருப்பார்கள். கட்டும்போது மூன்று படி ஏறிப் போன வீடு இன்று ஒரு படி இறங்கிப் போகிற வீடாக இருக்கும். தரையை உயர்த்தலாம்தான். ஆனால் கூரை உயரம் குறையும், கதவுகளை மாற்ற வேண்டும், கழிவுநீர்க் குழாயின் சாய்வும் மாறும். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 3: ஒதுக்கீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். தனியார் மனைப்பிரிவில் வீடு வாங்கிப் பழகியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

அரசு அமைப்பு உருவாக்கிய நகரில் முதல் உரிமையாளருக்கு மனையோ வீடோ நேராகக் கிரயம் ஆவதில்லை. முதலில் ஒதுக்கீட்டு ஆணை. எல்.ஐ.ஜி. (குறைந்த வருமானம்), எம்.ஐ.ஜி. (நடுத்தர வருமானம்), எச்.ஐ.ஜி. (உயர் வருமானம்) என்று எந்த வருமானப் பிரிவில் ஒதுக்கினார்கள் என்பது அதில் இருக்கும். தவணை முறை என்றால் அடுத்து குத்தகையுடன் கூடிய விற்பனை ஒப்பந்தம். தவணையெல்லாம் கட்டி முடித்து, நிலுவை இல்லை என்று சான்று வாங்கிய பிறகுதான் கிரயப் பத்திரம். இந்தக் கடைசிப் பத்திரம் வரும்வரை ஒதுக்கீடு பெற்றவர் அந்த வீட்டில் இருக்கலாம், வரி கட்டலாம். உரிமையாளர் மட்டும் ஆகமாட்டார்.

பலர் ஏன் அந்தக் கடைசிப் பத்திரத்தை வாங்காமலே விட்டார்கள்? நிலம் கையகப்படுத்திய வரலாற்றில் பதில் இருக்கிறது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு நிலம் எடுத்தபோது, கொடுத்த இழப்பீடு போதாது என்று நில உரிமையாளர்கள் நீதிமன்றம் போக வழி இருந்தது. இப்படி எடுத்த நிலங்களில் வழக்கு பல வருடம் இழுக்கும். இழப்பீடு உயர்ந்தால் அந்தச் சுமை மனையின் இறுதி விலையில் ஏறும். ‘கட்டி முடித்துவிட்டோமே, இன்னும் எதற்குப் பணம்’ என்று ஒதுக்கீடு பெற்றவர் கட்டாமல் விட்டுவிடுவார். அப்படியே இருபது, முப்பது வருடம் ஓடிவிடும். அவர் காலமாகி, பிள்ளைகள் விற்க வரும்போதுதான் விஷயம் வெளியே தெரியும்.

ஆகவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: ஒதுக்கீட்டு ஆணை, தவணை ரசீதுகள், மனையை ஒப்படைத்த சான்று, ஒதுக்கிய அமைப்பே எழுதிக் கொடுத்த பதிவு செய்த கிரயப் பத்திரம். அந்தக் கிரயப் பத்திரத்தின் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். இத்தனை ஆண்டுக்குள் கட்டிடம் கட்ட வேண்டும், இத்தனை ஆண்டு விற்கக் கூடாது, குடியிருப்புக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கலாம். வீட்டு முன்புறத்தைக் கடையாக மாற்றி வாடகை வருகிறது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்த மாற்றத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

கிரயப் பத்திரம் இன்னும் வரவில்லை, பொது அதிகாரப் பத்திரம் வைத்து விற்கிறோம் என்றால் நகர்ந்துவிடுங்கள். பவர் மூலம் செய்யும் விற்பனையால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு முடிந்துவிடும். விலை குறைவாக இருக்கிறதே என்று மனம் இழுக்கும். அந்தக் குறைவுக்குக் காரணமே இதுதான்.

படி 4: வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்து

1980-களில் ஒதுக்கீடு பெற்றவர்களில் பலர் இன்று இல்லை. விற்பனைக்கு வரும் வீடுகள் பெரும்பாலும் பிள்ளைகள் கையில் இருக்கின்றன. என் அக்காவுக்காக நாங்கள் ஒரு வீடு பார்த்தோம். இரண்டு அண்ணன் தம்பிகள் வந்து உட்கார்ந்து விலை பேசினார்கள், நல்ல மனிதர்கள். வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதில் நான்கு பெயர். இரண்டு தங்கைகள், திருமணமாகி வேறு ஊரில். ‘அவங்களுக்கு அப்பவே சீர் செஞ்சு அனுப்பிட்டோம்’ என்றார் மூத்தவர். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் சட்டம் சீரைக் கணக்கில் எடுப்பதில்லை. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுய சம்பாத்தியத்தில், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் இறந்தவரின் தாய்க்கும் சம பங்கு. நாங்கள் மூன்று மாதம் காத்திருந்தோம். தங்கைகள் இருவரும் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்பணமே கொடுத்தோம்.

உயில் இருக்கிறது என்றாலும், அதை வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

படி 5: வில்லங்கச் சான்று, மாவட்டத்தின் பெயர் மாறிய கதையோடு

பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது முப்பது வருடத்துக்குப் போடுங்கள். இந்த ஊருக்கு நான் 1975-லிருந்தே போடச் சொல்வேன், நகர் பிறப்பதற்கு முன்னாலிருந்து.

போட்டுப் பார்த்ததும் ஒன்றுமே வரவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, ஒதுக்கீட்டு ஆணை பதிவு ஆவணம் இல்லை, ஆகவே வில்லங்கத்தில் வராது. இரண்டு, மனை எண்ணைப் போட்டுத் தேடியிருப்பீர்கள், பதிவு சர்வே எண்ணில் இருக்கும். மூன்று, எல்லைகள் மாறியிருக்கும். இந்த ஊர் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தபடியே மாவட்டங்களைக் கடந்து வந்திருக்கிறது: செங்கல்பட்டு, பிறகு செங்கை அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர்., 1997-இல் மாவட்டம் பிரிந்தபோது காஞ்சிபுரம், 2019 நவம்பர் 29 முதல் மறுபடியும் செங்கல்பட்டு. சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லையும் காலத்துக்குக் காலம் மாறும். பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கும் தேடுங்கள், இப்போதைய அலுவலகத்திலும் தேடுங்கள்.

வில்லங்கத்தில் அடமானப் பதிவு தெரிந்தால், அதை முடித்த ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். ‘கடன் அடைச்சாச்சு, பத்திரம் கையில இருக்கு’ என்பது மட்டும் போதாது.

படி 6: பட்டா யார் பெயரில்?

நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு வருவாய்க் கணக்கில் பெயர் மாற வேண்டும், மனைவாரியாக உட்பிரிவும் ஆக வேண்டும். இந்த வேலை நகர் கட்டிய வேகத்தில் எங்கும் நடந்ததில்லை. கிரயப் பத்திரம் சுத்தமாக இருந்தும் தனிப் பட்டா இல்லாத வீடுகளை அரசு உருவாக்கிய நகர்களில் நிறையப் பார்க்கலாம். தனிப் பட்டா இல்லை என்பதற்காக வீட்டை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் அந்த சர்வே எண்ணில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றும் கிடைக்கும்.

அரசு அமைப்பின் பெயரில் இருந்தால் உட்பிரிவு செய்து வாங்கும் வேலை மட்டும்தான் பாக்கி. பழைய கிராமத்து நில உரிமையாளர் பெயர் இன்னும் அப்படியே இருந்தால் கவனம். எடுத்த நிலத்தையே பழைய பட்டாவைக் காட்டி இன்னொருவருக்கு விற்ற கதைகள் உண்டு. அப்போது நிலம் எடுத்த அறிவிக்கையையும் இழப்பீட்டை முடிவு செய்த ஆணையையும் வழக்கறிஞர் மூலம் எடுத்துப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன என்று ஒரு சொல் இருக்கும். நஞ்சை, புஞ்சை என்றால் பழைய விளைநிலம். நத்தம் என்றால் பழைய குடியிருப்பு. ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், புறம்போக்கு என்று வந்தால் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். நகரின் திட்ட எல்லைக்கு வெளியே, ஆனால் ‘மறைமலை நகர்’ என்ற பெயரிலேயே விளம்பரம் வரும் தனியார் மனைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றுக்கு மனைப்பிரிவு அனுமதி எண்ணையும் கேளுங்கள். அனுமதி இல்லாத மனையென்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானதா, 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் வரன்முறை ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு அனுமதியற்ற மனைகளைப் பதிவதற்கே தடை இருக்கிறது.

படி 7: செக்குபந்தியை டேப்பால் அளங்கள்

பத்திரத்தில் நான்கு எல்லை இருக்கும், அதற்குத்தான் செக்குபந்தி என்று பெயர். உதாரணத்துக்கு: வடக்கே மனை எண் 212, தெற்கே 30 அடி சாலை, கிழக்கே மனை எண் 215, மேற்கே திறந்தவெளி. இந்த நான்காவது எல்லையைப் பாருங்கள். மேற்கே இன்று திறந்தவெளி இல்லை, விற்பவர் போட்ட கார் ஷெட் இருக்கிறது என்றால், அது பொது நிலத்தில் நிற்கிறது. பார்க்கும்போது மனை அகலமாகத் தெரியும், வாங்கும்போது அந்த அகலம் உங்களுடையது ஆகாது. நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கணக்கை நீங்களே போடுங்கள்.

அனுமதி வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்து, நேரில் மாடியும் இருந்தால், மாடிக்கு அனுமதி எங்கே என்று கேளுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் எப்படியும் கேட்பார்.

படி 8: இப்போது சுவரைப் பார்க்கலாம்

நாற்பது வருடக் கட்டிடத்தில் முதலில் மேலே பாருங்கள். கழிவறைக் கூரை, சன்ஷேடு, பால்கனி அடிப்பகுதி ஆகிய மூன்று இடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? புது வெள்ளை அடித்திருந்தால் ஒரு கம்பால் மெல்லத் தட்டிப் பாருங்கள். திடமான கான்கிரீட் ‘டொக்’ என்று ஒலிக்கும், உள்ளே பிளந்தது ‘தொப’ என்று பொள்ளலாகக் கேட்கும். துரு கூரை முழுக்கப் பரவியிருந்தால் நீங்கள் வாங்குவது நிலத்தை மட்டும்தான், விலையையும் அப்படியே பேசுங்கள். கட்டிடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டுவது நல்லது.

படி 9: விலை

இந்த ஊரின் வாடகையும் விலையும் தொழிற்சாலைகளோடும் கல்லூரிகளோடும் சேர்ந்தே ஏறி இறங்கும். 1990-களில் ஃபோர்டு கார் ஆலை இங்கே வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது, 2022-இல் இங்கே உற்பத்தி நின்றது. 2024-இல் ஏற்றுமதிக்காக ஆலையை மறுபடி பயன்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது, தென் மாவட்டப் பேருந்துகள் ஊருக்கு ஏறக்குறைய வாசலிலேயே வந்துவிட்டன. விற்பவர் இதில் நல்ல செய்தியை மட்டும் சொல்வார். நீங்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு, அதே என்.எச்.சில் கடந்த ஓராண்டில் பதிவான விலைகளை விசாரித்துப் பேசுங்கள்.

கையிருப்புக் கணக்கில் மறக்கக் கூடாதவை: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் இந்தக் கணக்கு. வீட்டின் விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகப் பிடித்து நீங்கள்தான் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவது வருமான வரிச் சட்டப்படி தவறு. எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும்.

படி 10: ஒப்பந்தம், பதிவு, அதற்கு மறுநாள்

விற்பனை ஒப்பந்தத்தில் காலக்கெடு, மீதித் தொகை, எந்தெந்த அசல் ஆவணம் எப்போது கைக்கு வரும், காலி செய்யும் தேதி, ஏதாவது குறை தெரிந்தால் முன்பணம் திரும்ப வரும் விதம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். பதிவு நாளில் மூலப் பத்திரம், ஒதுக்கீட்டு ஆணை முதல் எல்லா அசலையும் பட்டியல் போட்டுக் கையெழுத்தோடு வாங்குங்கள்.

பதிவு முடிந்த வாரத்திலேயே மறுபடி வில்லங்கம் போட்டு உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, சர்வே எண்ணும் மனை எண்ணும் சரியா என்று பாருங்கள். ஒரு எண் தப்பாக விழுந்தாலும் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்றவர் மறுபடி வர வேண்டும், அவர் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அப்புறம் பட்டா மாறுதல், நகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு, கடைசியாக மின் இணைப்பு. உட்பிரிவு தேவையென்றால் சர்வேயர் அளக்க வரும் அன்று நீங்கள் நேரில் நில்லுங்கள், பக்கத்து மனைக்காரரையும் கூப்பிடுங்கள். கல் நடும்போது அவரும் பார்த்திருந்தால் பிறகு பேச்சு வராது. ஒதுக்கீட்டு ஆணையின் அந்தப் பழுப்பேறிய தாளை லேமினேட் செய்துவிடாதீர்கள், முத்திரை உரிந்து போகும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்கேன் எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.